வடக்குச் சரிவில் பூக்காத செடிகள்

மார்ச் 3, திங்கள்

காலையில் கண்ணாடிக்கூடத்தில் மூன்றாம் மேசை முழுக்கப் பழுத்த இலை கிள்ளி முடித்தேன். 318-ஆம் எண் காட்டு ஸ்ட்ராபெரி புதுக் குருத்து விட்டிருக்கிறது. குழாயின் வாய் மறுபடியும் ஒழுகுகிறது. பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினேன்.

பதினோரு மணிக்கு எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் ஆண்டு மலர் வந்தது, ஆளுக்கொரு பிரதி. ஒன்பதாம் பக்கத்தில் துறைத்தலைவர் படம். கூரைக்குக் கீழேயும் தொப்பியைக் கழற்றாத மகான். கையில் 318. என் தொட்டி. நான் எழுதிய லேபிள். அதன் ஓரத்தில் என் விரலழுக்குகூடத் தெரிகிறது.

கட்டுரையின் முதல் பத்தியை அப்படியே எழுதிவைக்கிறேன், கோபத்தில் ஒரு சொல்கூட மறந்துவிடக் கூடாது: "பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்ட் மாதத்தில், வடக்குச் சரிவு முழுவதும் காட்டு ஸ்ட்ராபெரி வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்ததை நேரில் கண்டு, இச்செடியை என் கையால் தோண்டி எடுத்தேன்."

உன் கையாலா? அந்தக் கை மண்ணைத் தொட்டு நான் பார்த்ததில்லையே.

துறைத்தலைவர் என்று எழுத இனி எனக்குக் கை வராது. இந்த நோட்டில் அவன் பெயர் தொப்பி. மரியாதையும் இத்தோடு முடிந்தது.

மார்ச் 4, செவ்வாய்

ஒன்பதாம் பக்கத்தை நாலு தடவை படித்தேன். வேறொன்றும் எழுத இல்லை.

மார்ச் 10, திங்கள்

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். இன்று அவன் அறைக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

"சார், 318 நான் கொண்டுவந்தது."

"யாரும்மா இல்லன்னா? நிலையத்துச் செடி. நிலையம்னா நாம எல்லாரும்தானே."

"என் கையாலன்னு போட்டிருக்கீங்களே?"

"அது ஒரு நடைம்மா. கட்டுரைன்னா அப்படித்தான் எழுதணும். நீங்க நல்லா தண்ணி ஊத்துறீங்க. அதை யாராவது உங்ககிட்டேருந்து பறிச்சோமா?"

சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் ஆறவில்லை. இருபத்தாறு வருஷமாக "சரி சார்" என்ற இரண்டு சொல்லை நாக்கிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

நேரே பதிவேட்டு அறைக்குப் போனேன். நிலையத்துக்கு எந்தக் காட்டுச் செடி வந்தாலும் அந்தத் தடித்த நோட்டில் ஒரு வரி: எண், இனம், இடம், நாள், சேகரித்தவர். 318-இன் வரி முழுக்க என் கையெழுத்து. கடைசிக் கட்டத்தில் மட்டும் அன்று "நிலையம்" என்று எழுதியிருந்தேன். அதிகாரி அல்லாதவர்கள் பெயர் எழுதும் வழக்கம் அப்போது கிடையாது. இன்று பார்த்தால் "நிலையம்" பிளேடால் சுரண்டப்பட்டிருக்கிறது. மேலே நீல மையில் அவன் பெயர். தாள் மெலிந்து அடுத்த பக்கம் தெரிகிறது.

வச்சுக்கிறேன்டா உன்னை.

மார்ச் 12, புதன்

நாத்தனார் வந்திருந்தாள். தையல் மெஷினை ஓட்டுகிற வேகத்தில் பேசுகிறவள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அண்ணி, இதை மட்டும் சும்மா விட்டீங்க, நானே போய் அந்தத் தொப்பிக்குள்ள அவனை வச்சுத் தச்சிருவேன்" என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

அவள் போன பிறகுதான் மண்டையில் உறைத்தது. வடக்குச் சரிவு!

318 வடக்குச் சரிவுச் செடியே இல்லை.

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன் வெள்ளைப் பழம் காய்க்கிற ஒரு காட்டு ஸ்ட்ராபெரிக் கூட்டத்தைக் கண்டுபிடித்து, இடத்தை அங்குலம் பிசகாமல் பதிவேட்டில் எழுதினேன். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரே மாதத்தில் எந்த நர்சரிக்காரனோ மண்வெட்டியோடு போய் வேரோடு வழித்துவிட்டான். திரும்பிப் போனபோது குழிதான் இருந்தது. அன்றிலிருந்து அருமையான செடி என்றால் ஒரு மேடு தள்ளித்தான் இடம் எழுதுவேன். காட்டில் செடி தேடுகிற முக்கால்வாசிப் பேர் செய்கிற வேலைதான், யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. உண்மையான இடம் என் பாக்கெட் நோட்டில் இருக்கும்.

318 கிடைத்தது தெற்குப் பக்கம், இடிந்த ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் இருக்கிற ஊற்றங்கரையில். அன்று எனக்கு விடுமுறை. வீட்டுக்காரர் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்துவிட்டு வரும் வழியில் வேன் சூடாகி நின்றது. தண்ணீர் பிடிக்க நான் கேனோடு குனிந்தேன். ஆகஸ்ட் மாதம், காட்டு ஸ்ட்ராபெரி பூ விட்டிருக்கிறது! சாதாரணமானது வசந்தத்தில் ஒரு தடவை பூத்துக் காய்த்துவிட்டு, பகல் நீண்டதும் பூவை மறந்து ஓடுதண்டு ஓட்டிக்கொண்டிருக்கும். இவை கரை முழுக்கப் பூவும் பிஞ்சும் பழமுமாக இருந்தன. ஒன்றே ஒன்றைத் தோண்டினேன். கேனைத் தண்ணீரோடு அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

கரை முழுக்கப் பூத்திருந்ததை ஆபீஸில் டீ குடிக்கும்போது வாய் ஓயாமல் சொன்னவள் நான்தான். தொப்பி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். இடத்தை மட்டும் பதிவேட்டிலிருந்து எடுத்திருக்கிறான்.

என் பொய்யை விழுங்கிவிட்டு "நேரில் கண்டேன்" என்று ஊருக்கே சொல்லியிருக்கிறான். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு.

ஏப்ரல் 8, செவ்வாய்

நினைத்ததைவிடச் சீக்கிரம்.

318-ஐத் தோட்ட ரகங்களோடு இனம் கலந்து அவன் எடுத்த கன்றுகள் பாதிக்கு மேல் வேரழுகிச் செத்துவிட்டன. தொடர்ந்து பூக்கிற குணம் வருகிறது, வேர் நிற்கவில்லை. ஒற்றைச் செடியை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட்ட முடியும்? அதன் கூட்டம் முழுக்க வேண்டும். ஊற்றங்கரையில் காலம் முழுக்கச் சேற்றில் நின்றும் அழுகாத உடன்பிறப்புகள் அங்கே இருக்கின்றன. நான் கண்ணால் பார்த்தவை.

இன்று கூட்டம் போட்டு அறிவித்தான்: "ரெண்டு வாரத்துல வடக்குச் சரிவுக்குப் போறோம். எனக்கு அந்த இடம் நல்லா ஞாபகமிருக்கு."

ஞாபகமிருக்காம்! என்னையும் வரச் சொன்னான். "முட்டிவலி சார், மலை ஏற முடியாது" என்றேன். நொண்டிக் காட்டிக்கொண்டே வெளியே வந்தேன். வாசல் தாண்டியதும் ஜீப் டிரைவர் தம்பி, "அக்கா, கால் மாத்தி நொண்டுறீங்க" என்றான்.

ஏப்ரல் 24, வியாழன்

இருநூறு செடி வந்து இறங்கியது. வடக்குச் சரிவில், பதிவேட்டில் நான் எழுதிவைத்த இரட்டைப் பாறைக்குக் கீழே தோண்டியது. பூ இருந்தது. ஏப்ரலில் எல்லாக் காட்டு ஸ்ட்ராபெரியும்தான் பூக்கும்.

டிரைவர் தம்பி காதோடு சொன்னான்: "ஜீப்பு இரட்டைப் பாறைக்குத் திரும்புற வழி அவருக்குத் தெரியலக்கா. மூணு தடவை வழி மாறிப் போனோம். முன்னாடி வந்தவர் மாதிரியே இல்ல." நான் "அப்படியா" என்று மட்டும் சொன்னேன்.

இருநூறையும் நான்தான் நட்டேன். ஒரு வேர் மடங்காமல் நட்டேன். அவன்மேல் உள்ள காட்டத்தை இந்த வாயில்லாத ஜீவன்கள் மேல் காட்டுகிற அளவுக்கு நான் இன்னும் போகவில்லை. இவை செய்யவேண்டியதை இவையே செய்யும்.

ஜூன் 9, திங்கள்

பூ நின்றுவிட்டது! இருநூறு தொட்டியிலும் ஒரு மொட்டு கிடையாது. ஓடுதண்டு மட்டும் கன்னாபின்னாவென்று ஓடுகிறது. பக்கத்து மேசையில் 318 பூவும் பிஞ்சுமாக உட்கார்ந்திருக்கிறது.

தொப்பி மேசை மேசையாக நடந்தான். "புது இடம், கொஞ்சம் பழகணும்" என்றான். பழகட்டும், பழகட்டும்.

ஜூன் 23, திங்கள்

விளக்கு போதவில்லையாம். விளக்கைக் கூட்டினான்.

ஜூன் 26, வியாழன்

விளக்கு அதிகமாம். குறைத்தான். இப்போது உரம்தான் கோளாறு என்கிறான். நாளைக்கு என்னைச் சொல்வான்.

ஜூன் 27, வெள்ளி

என்னைச் சொன்னான். "தண்ணி ஊத்துறதுல ஏதோ தப்பு நடக்குது." மார்ச்சில் நான் நன்றாக ஊற்றுகிறேன் என்றான். மூன்றே மாதத்தில் எனக்குத் தண்ணீர் ஊற்றவும் தெரியாமல் போய்விட்டது.

ஜூலை 1, செவ்வாய்

"பூ?"

"இல்ல சார்."

தினமும் காலை ஒன்பதரைக்கு இதே உரையாடல். இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் வேலைக்குப் போனதில்லை.

ஆகஸ்ட் 20-ஆம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து குழு வருகிறது. பூத்த கூட்டத்தைக் காட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் ஒன்றும் செய்யப்போவதில்லை. ஓரமாகக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவுதான்.

ஜூலை 14, திங்கள்

டிரைவர் தம்பி மதியம் பேச்சுவாக்கில் சொன்னான். மலைக்குத் தெற்கே மின்சாரக் கோபுரம் வருகிறதாம். கோபுரத்துக்கு அகலமாகப் பாதை வெட்டுகிறார்களாம். "பழைய ஆட்டுப்பட்டி இருக்குல்ல அக்கா, அதுக்குப் பின்னாடி மரத்துக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடிச்சுட்டாங்க. மாசக் கடைசியில இல்ல, அடுத்த மாசக் கடைசியில மெஷின் இறங்குது."

டிபன் டப்பாவை மூடினேன். முதலில் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன், என்னிடமே பொய் சொல்ல இது பதிவேடு இல்லை: நல்லதாப் போச்சு. அவனுக்கு இனி எந்தக் காலத்திலும் கிடைக்காது. அந்த இடம் எனக்கு மட்டும் தெரிந்து என்னோடேயே போகட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

டீயில் உப்பைப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் முழுசாகக் குடித்துவிட்டு, "இன்னைக்கு யார்மேல கோபம்?" என்று கேட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்றுதான் கிளம்பினேன். பார்க்க மட்டும். வீட்டுக்காரர் வேனை எடுத்தார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்னால் பழைய ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டுகள் ஆறேழு கிடந்தன. அவராகத்தான் போட்டிருக்க வேண்டும். கேட்டால் "எப்பவும் கிடக்கும்" என்பார். எப்பவும் கிடக்காது.

ஆட்டுப்பட்டிச் சுவர் இன்னும் கொஞ்சம் இடிந்திருக்கிறது. பின்னால் ஒரு மரம் விடாமல் சிவப்பு வட்டம். ஊற்று அப்படியே இருக்கிறது. கரையில்... பூத்திருக்கின்றன. பதினோரு வருஷம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, பின்னால் யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம். அவை பாட்டுக்குப் பூத்துக் காய்த்துக் கீழே ஓடைவரை இறங்கிவிட்டன. ஒரு பழம் பறித்து வாயில் போட்டேன். சுண்டுவிரல் நகத்தளவு பழம். வாய் முழுக்க மணம்.

சேற்றில் உட்கார்ந்து அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி. அவன்மேல் உள்ள வெறியில் இவ்வளவையும் மெஷினுக்குத் தின்னக் கொடுக்கப் பார்த்தேனே, நானும் ஒரு மனுஷியா? வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று, "அந்தக் கேனைக் காணோம்" என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது.

முப்பத்தாறு செடி எடுத்தோம். மேல்கரை, நடு, ஓடையோரம் என்று பிரித்துப் பிரித்து எடுத்தேன். ஒரே இடத்தில் எடுத்தால் எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகளாக இருக்கும். வேனுக்குள் இடம் பத்தாமல் மடியிலும் ஒரு தட்டு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முப்பத்தாறு இப்போது இருபத்தேழு. மொட்டைமாடிச் சூடு. ஈரத்துணி கட்டிப் பார்த்துவிட்டேன், ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கூடப் பார்த்துவிட்டோம். பூக்கிற நேரத்தில் பிடுங்கிய செடி தாங்காது, எனக்குத் தெரியாதா?

ஓடுதண்டு விட்டால் கன்று எடுக்கலாம். இவை விடாது. இருக்கிற தெம்பையெல்லாம் பூவுக்கே கொடுக்கிற ஜாதி. விதை போட்டால் ஒரு வருஷம், அப்போதும் குணம் கலைந்துதான் வரும். இவை பிழைக்க வேண்டுமென்றால் நிலையத்தில் பனிபோல் நீர் தூவுகிற மிஸ்ட் சேம்பர் வேண்டும், திசு வளர்ப்பு அறை வேண்டும். கரையில் மிச்சமிருக்கிறதைத் தோண்ட ஆளும் ஜீப்பும் வேண்டும். எல்லாவற்றின் சாவியும் தொப்பியின் பாக்கெட்டில்.

அவன் காலில் போய் விழணுமா? "சார், இந்தாங்க, இதுக்கும் உங்க பேரைப் போட்டுக்குங்க"ன்னு தட்டுல வச்சு நீட்டணுமா? செத்தாலும் மாட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இருபத்திரண்டு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாத்தனார் துணி அளவெடுத்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணி, பூவே பூக்காத இடத்துல பூத்ததை நேர்ல பார்த்தேன்னு எழுதியிருக்கான். இதைவிட என்ன வேணும்? அந்த இடம் தப்புன்னு சொல்லிட்டா ஆள் காலி."

"தப்பா எழுதினது நான்தானே. சொன்னா நானும் காலி."

அவள் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

இதைத்தான் ஐந்து மாதமாக நான் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. அவன் பொய்யன் என்று நிரூபிக்க ஒரே வழி, நான் பொய்யெழுதினேன் என்று ஒப்புக்கொள்வது. பதிவேட்டில் பொய்த் தகவல் எழுதினால் வேலையைவிட்டே அனுப்பலாம், விதியில் இருக்கிறது. செடிகளைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் அதே இடத்தைத்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சொன்னா நீயும் சேர்ந்து மாட்டுவ" என்றார்.

"மாட்டுறேன்."

"அவனும் மாட்டுவான்?"

"கழுத்து வரைக்கும்."

"அப்ப சரி" என்றார். பிறகு, "இருந்தாலும் நீ மாட்டுறது, அவனை மாட்ட வைக்கிறது, ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணணுமா? இவ்வளவு நாள் பொறுத்த" என்றார். பொறுக்க முடியாது. மெஷின் வருகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பத்தொன்பது. அதில் பதினேழு பூத்திருக்கிறது. இரண்டு தட்டில் அடுக்கினேன். பாக்கெட் நோட்டைத் தேடி எடுத்தேன். பதினோரு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில் ஊற்றின் தண்ணீர்க் கறை அப்படியே இருக்கிறது. நாளைக்கு நல்ல புடவை கட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றுகிறவள் மாதிரிப் போகக் கூடாது.

ஆகஸ்ட் 20, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குழு பத்து மணிக்கு வந்தது, மூன்று பேர். தலைவி வயதான அம்மாள். கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, இலையைக் கண்ணருகில் வைத்துப் பார்க்கிற ஆள். முதல் தொட்டியிலேயே தெரிந்துவிட்டது, இந்த அம்மாவுக்குச் செடி தெரியும்.

தொப்பி இருநூறு தொட்டிக்கு முன்னால் நின்று பேசினான். இடம் மாற்றிய அதிர்ச்சி, பருவநிலை, இன்னும் ஒரு வருஷம்... தலைவி கேட்டார்: "நீங்க ஆகஸ்ட்ல போனப்ப இதே சரிவு முழுக்கப் பூத்திருந்துச்சு, இல்லையா?"

"ஆமா மேடம். கண்கொள்ளாக் காட்சி."

"இதே இரட்டைப் பாறை?"

"அதே பாறைதான் மேடம். எனக்கு நல்லா ஞாபகமிருக்கு."

மூன்று தடவை சொல்லிவிட்டான். இனி விழுங்கினதைத் துப்ப முடியாது. நான் குழாயைக் கீழே போட்டேன். மேசைக்கடியிலிருந்து இரண்டு தட்டையும் எடுத்து அவர்கள் முன்னால் வைத்தேன். "மேடம், அங்க எந்தக் காலத்துலயும் ஆகஸ்ட்ல பூத்ததில்ல. பூக்கிற இடம் இது. தெற்குப் பக்கம், ஆட்டுப்பட்டிக்குப் பின்னாடி. 318 இந்தக் கூட்டத்துச் செடி. வடக்குச் சரிவுன்னு பதிவேட்டுல பொய்யா எழுதினது நான்."

மிஸ்ட் சேம்பர் புஸ் புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது.

"இந்தம்மாவுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல மேடம்" என்று தொப்பி ஆரம்பித்தான்.

தலைவி அவனைப் பார்க்கவே இல்லை. தட்டிலிருந்த செடியைத் தூக்கி வேரைப் பார்த்தார். 318-இன் இலையைப் பார்த்தார். திரும்ப வேரைப் பார்த்தார். "சேத்துல நின்ன வேர். ஒரு இடத்துலகூட அழுகல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகுதான் அவன் பக்கம் திரும்பினார்.

"பூவை நேர்ல பார்த்தீங்களா?"

"பார்த்த... ஞாபகம்."

"போனீங்களா?"

தொப்பி திருதிருவென்று முழித்தான். டிரைவர் தம்பியைக் கூப்பிட்டார்கள். அவன் மென்று முழுங்காமல் மூன்று தடவை வழி மாறிய கதையைச் சொன்னான். தொப்பி தொப்பியைக் கழற்றினான். முதன்முதலாகப் பார்க்கிறேன், உச்சியில் சின்னதாக ஒரு வழுக்கை. இதைப் போய் இத்தனை வருஷம் மறைத்தானா!

எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? அந்த ஊற்றங்கரைப் பழத்தைவிட இனிப்பு. பொய் சொல்லவில்லை.

தலைவி கடைசியில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "மெஷின் என்னைக்கு வருது?"

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நானூற்றுப் பன்னிரண்டு செடி. இரண்டு ஜீப், ஒன்பது பேர், மூன்று நாள். இடம் காட்ட என்னைக் கூட்டிப் போனார்கள். தோண்ட விடவில்லை, விசாரணை முடியும்வரை தொடக் கூடாதாம். கரையில் உட்கார்ந்து, "அங்க, அந்தக் கல்லுக்குப் பின்னாடி ஒண்ணு" என்று கைகாட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மெஷின் இறங்கிவிட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

விசாரணை முடிந்தது. மரபணுச் சோதனையில் 318-உம் ஊற்றங்கரையும் ஒரே கூட்டம் என்று வந்துவிட்டது. அவன் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள். அவனை உருளைக்கிழங்குப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நாத்தனாருக்குப் போன் செய்தேன். "மண்ணுக்கடியில காய்க்கிறது! எவனும் பூவைக் கேக்க மாட்டான், பொருத்தமான இடம்தான்" என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எனக்கு வேலை போகவில்லை. கண்ணாடிக்கூடத்துக்குள் இனி நான் போகக் கூடாது. வாசலில் வருகைப் பதிவு மேசை. செடிகளைப் புதிதாக வந்த பெண் பார்த்துக்கொள்வாள்.

பாக்கெட் நோட்டைக் காட்டி, சேகரித்தது நான்தான் என்றேன். தலைவி அந்தப் பக்கத்தை நெடுநேரம் வைத்துப் பார்த்தார். "எனக்குத் தெரியும்மா. ஆனா ஒரு பொய் எழுதின கையை இன்னொண்ணுக்குச் சாட்சியா நான் எப்படி எடுத்துக்கறது?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

செப்டம்பர் 29, திங்கள்

வருகை: பதினான்கு பேர். அதில் ஒருவர் குழாய் ரிப்பேர்.

அக்டோபர் 6, திங்கள்

பதிவேட்டு அறை எழுத்தர் ஆள் அனுப்பினார். போகிற வழியில் கண்ணாடிக்கூடம். வெளியே நின்று பார்த்தேன். அக்டோபரில் நான்கு மேசை முழுக்க வெள்ளை. மூன்றாம் மேசையில் ஒரு தொட்டியில் இலை பழுத்துத் தொங்குகிறது. அந்தப் பெண்ணிடம் கண்ணாடியைத் தட்டிச் சைகை காட்டினேன். அவள் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துக் கையசைத்தாள்.

எழுத்தர் பதிவேட்டை விரித்து வைத்துப் பேனாவைக் கொடுத்தார். "திருத்தம் பழைய கையெழுத்துலயே இருக்கணுமாம்க்கா. ஆர்டர்."

318-இன் வரி. இடம் என்ற கட்டத்தில் வடக்குச் சரிவை அடித்துவிட்டு எழுதினேன்: தெற்குச் சரிவு, பழைய ஆட்டுப்பட்டியின் பின்புறம், ஊற்றின் கரை. முதன்முறையாக ஓர் அருமையான செடிக்கு உண்மையான இடத்தை எழுதுகிறேன். இப்போது அங்கே கோபுரம் நிற்கிறது.

அடுத்து அவன் பெயர். "ஒரு கோடு போட்டா போதும்க்கா" என்றார் எழுத்தர். மூன்று கோடு போட்டேன். மூன்றாவதை அழுத்தியே போட்டேன். அவன் சுரண்டி மெலிந்த தாள், கிழியாமல் தாங்கியது.

"மேல என்ன எழுத?"

அவர் ஆர்டரைத் திருப்பிக் காட்டினார். பார்த்து எழுதினேன்.

"வருத்தமாக்கா?"

"அவன் பேரு இருக்கா, பாரு."

"இல்ல."

"அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு, மை காய ஊதினேன்.

கட்டம் சின்னதுதான். என் பெயர் மூன்றே எழுத்து, எழுதியிருந்தால் தாராளமாக இடமிருந்திருக்கும். 'தெரியவில்லை' என்று எழுதத்தான் நெருக்க வேண்டியிருந்தது.